சிறிய கல்லூரியின் பெரிய பயணம்



வன்னியிலே ஒரு பாடசாலையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பெயர் எதுவாகவும் இருக்கலாம். விடியற்புறம் மூன்று மணி. வாயிற்கதவடியிலே பதினைந்து பிள்ளைகள் கூடி நிற்கிறார்கள். ஒருவன் தோளிலே பந்துப் பை தொங்குகிறது. இன்னொருவன் தண்ணீர்ப் போத்தல்களைச் சாக்கிலே கட்டி வைத்திருக்கிறான். சப்பாத்து எல்லார்க்கும் இல்லை. முற்பாதியில் ஆடியவன் கழற்றிக் கொடுக்க, பிற்பாதியில் இறங்குபவன் போட்டுக்கொள்வான். பொறுப்பாசிரியர் வாடகை வாகனம் வரும் திசையையே பார்த்தபடி நிற்கிறார்.

வாகனம் வருகிறது. யானை மறிக்கும் காட்டு வீதியைக் கடந்து, ஊர்கள் பல கடந்து, வெயில் ஏறிய பின்னர் ஆட்டம் நடக்கும் நகரத்தை அடைகிறது. கால் மரத்துப்போன பிள்ளைகள் இறங்கிய கையோடு ஆடுகளத்துக்குப் போகிறார்கள். எதிரணிப் பிள்ளைகள் தத்தம் வீட்டிலே படுத்தெழுந்து, தாய் கொடுத்த காலையுணவை உண்டு வந்தவர்கள். ஆட்டம் முடிகிறது. நம் பிள்ளைகள் தோற்றுவிடுகிறார்கள். மறுநாட் செய்தியிலே கோற் கணக்கு வருகிறது. கிலோமீற்றர்க் கணக்கு வருவதில்லை.

வராமற்போகும் அந்தக் கணக்கைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். அதன்பொருட்டு உங்களைச் சிறிது தூரம் அழைத்துச் செல்லவேண்டியிருக்கிறது. நாம் போகவேண்டிய இடம் அமெரிக்கா, ஆண்டு 1899.

அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்பகுதியிலே ரெனசி என்றொரு மாநிலம் உண்டு. அங்கே கம்பர்லாந்து மேட்டு நிலத்தின்மேல், காட்டின் நடுவே, சுவானி என்னும் சிற்றூர் இருக்கிறது. அவ்வூரிலே உள்ளது தென்னாட்டுப் பல்கலைக்கழகம். பெயரிலேதான் அது பல்கலைக்கழகம். அந்நாளிலே அங்கே படித்தவர்கள் சில நூறு மாணவர்களே. எபிஸ்கோப்பல் திருச்சபையைச் சேர்ந்த ஆயர்கள் அதனை 1857ஆம் ஆண்டிலே நிறுவத் தீர்மானித்தார்கள். 1860ஆம் ஆண்டு அடிக்கல் நாட்டினார்கள். மறுவருடமே உள்நாட்டு யுத்தம் மூண்டது. 1863ஆம் ஆண்டு வடபடையினர் அந்த அடிக்கல்லையே வெடிவைத்துத் தகர்த்தனர். யுத்தம் ஓய்ந்தபின், 1868ஆம் ஆண்டு, ஒன்பது மாணவரும் நான்கு ஆசிரியருமாக அக்கல்லூரி திறக்கப்பட்டது.

யுத்தம் தகர்த்த கல்லூரி என்றதும் வன்னியிலிருந்து கேட்பவர்களுக்கு மனம் சற்று இளகும். ஆயினும் உண்மையின் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். அக்கல்லூரியை நிறுவியோரிற் பலர் அடிமைகளை உடைமையாக வைத்திருந்தவர்கள். அடிமை முறையைக் காப்பதற்காகவே தென்னாடு யுத்தஞ் செய்தது. 1899ஆம் ஆண்டிலும் கறுப்பினத்துப் பிள்ளை ஒருவனுக்கேனும் அக்கல்லூரியிலே இடமில்லை. இந்தப் பழைய கணக்கை ஆராய்வதற்கென்று அப்பல்கலைக்கழகமே 2017ஆம் ஆண்டில் ஓர் ஆய்வுத் திட்டத்தைத் தொடங்கியது. நான் சொல்லப்போவது அக்கல்லூரியின் விளையாட்டணியின் கதை. அதிலே கற்றுக்கொள்ள வேண்டியது உண்டு. கல்லூரியின் குற்றங் குறைகளை மறந்துவிட்டுத்தான் கற்கவேண்டும் என்பதில்லை.

அவர்கள் ஆடிய ஆட்டத்தின் பெயரும் உதைபந்தாட்டமே. ஆனால் நாம் அறிந்த உதைபந்தாட்டம் அன்று. பந்து நீள்வட்டமானது, பெரும்பாலும் கையிலே காவிக்கொண்டு ஓடுவது. றகர் ஆட்டத்திலிருந்து பிறந்தது. நம் ஊர்க் கிளித்தட்டை நினைத்துக்கொண்டால் பாதி விளங்கிவிடும். கிளித்தட்டிலே கோட்டைக் காப்பவன் மறிக்க, உள்ளே நிற்பவன் ஏய்த்துக் கடந்து அப்பாற் போகவேண்டும் அல்லவா? அதுபோலவே இங்கும் ஒரு பக்கத்தார் பந்தோடு எதிரணியைக் கிழித்துக்கொண்டு கடைசிக் கோட்டைக் கடக்கவேண்டும். கிளித்தட்டிலே தொட்டாற் போதும். இங்கே ஆளைப் பிடித்து நிலத்திலே வீழ்த்தவேண்டும்.

அந்நாளிலே மூன்று முயற்சிக்குள் ஐந்து யார் தூரம் முன்னேறாவிட்டாற் பந்து எதிரணிக்குப் போய்விடும். பந்தை முன்னோக்கி எறிவதற்கு அனுமதி இல்லை. ஆகவே ஆளோடு ஆள் மோதித் தள்ளுவதே ஆட்டமாயிற்று. கோட்டைக் கடந்தால் ஐந்து புள்ளி. அதன்பின் உதைக்கும் உதை இலக்கிற் சென்றால் இன்னும் ஒன்று. தாக்குவதும் காப்பதும் அதே பதினொருவர். களைத்து வெளியே போனவன் மீண்டும் உள்ளே வரமுடியாது. இக்காலத்துத் தலைக்கவசமும் தோட்கவசமும் அக்காலத்தில் இல்லை.

இனிக் கதைக்கு வருவோம். சுவானிக்கு ஆண்டுதோறும் பெரும் வருவாய் தந்த ஆட்டம், அயலிலுள்ள வண்டர்பில்ற் பல்கலைக்கழகத்தோடு ஆடும் ஆட்டமாகும். நுழைவுச்சீட்டுப் பணத்தைப் பங்கிடுவதில் ஏற்பட்ட பிணக்கினால் 1899ஆம் ஆண்டு அந்த ஆட்டம் நின்றுபோயிற்று. அணியின் பணப்பெட்டி காய்ந்தது. அணியின் முகாமையாளராக இருந்தவர் லூக் லீ என்னும் இருபது வயது மாணவர். பெரிய ஆட்டம் நம்மைத் தேடி வராவிட்டால் நாம் பெரிய ஆட்டங்களைத் தேடிப் போவோம் என்று அவர் துணிந்தார். ஊர் ஊராகக் கடிதம் எழுதினார். புகையிரத நேரசூசியை எடுத்து வைத்துக் கணக்குப் பார்த்தார். ஆறு நாட்களில் ஐந்து ஆட்டம். ஐந்தும் ஐந்து நகரத்தில். ஐந்தும் தத்தம் ஊரிலே பேர்பெற்ற அணிகளோடு. போய்வரும் தூரம் ஏறத்தாழ 2,500 மைல், அதாவது 4,000 கிலோமீற்றர். பருத்தித்துறையிலிருந்து தேவேந்திரமுனை வரை நம் இலங்கைத் தீவை நீட்டி அளந்து, அதனை ஒன்பது முறை அடுக்கினாலும் அத்தூரம் முடியாது.

நவம்பர் 7ஆந் தேதி இருபத்தொரு ஆட்டக்காரரோடு வண்டி புறப்பட்டது. பயிற்றுநர் பிறின்ஸ்ரன் பல்கலைக்கழகத்திற் படித்த ஹேமன் சூற்றர். அணித்தலைவன் ஹென்றி சைபெல்ஸ். வேற்றூர்த் தண்ணீர் பிள்ளைகளின் வயிற்றைக் கெடுத்துவிடும் என்று அஞ்சித் தங்கள் மலையூற்றுத் தண்ணீரையே பீப்பாக்களில் நிரப்பி வண்டியில் ஏற்றிக்கொண்டார்கள். வண்டி புறப்பட்ட பின்னர்தான் தெரிந்ததாம், சப்பாத்து மூட்டை புகையிரத நிலையத்திலேயே தங்கிவிட்டதென்று. லூக் லீ தந்தி அடித்தார். மூட்டை பின்னால் வந்த வண்டியில் ஏறித் தக்க நேரத்திலே வந்து சேர்ந்ததாம்.

9ஆந் தேதி, வியாழக்கிழமை. ஒஸ்ரின் நகரம். ரெக்சாஸ் பல்கலைக்கழகத்தை 12க்குப் பூச்சியம் என்று வென்றார்கள். அன்று அணித்தலைவன் சைபெல்ஸின் தலை உடைந்தது. கட்டுப்போட்டுக்கொண்டு தொடர்ந்து ஆடினான்.

10ஆந் தேதி, வெள்ளி. ஹூஸ்ரன் நகரம். ரெக்சாஸ் விவசாய இயந்திரக் கல்லூரி, 10க்குப் பூச்சியம்.

11ஆந் தேதி, சனி. நியூ ஓர்லியன்ஸ். ருலேன் பல்கலைக்கழகம், 23க்குப் பூச்சியம்.

12ஆந் தேதி ஞாயிறு, ஓய்வு நாள். திருச்சபைக் கல்லூரியாயிற்றே.

13ஆந் தேதி, திங்கள். பற்றன் றூஜ் நகரம். லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம், 34க்குப் பூச்சியம்.

14ஆந் தேதி, செவ்வாய். மெம்பிஸ் நகரம். மிசிசிப்பிப் பல்கலைக்கழகம், 12க்குப் பூச்சியம்.

ஐந்து ஆட்டமும் வெற்றி. ஐந்திலும் எதிரணிக்கு ஒரு புள்ளியும் இல்லை. ஆடிய உடம்போடு வண்டியேறி, வண்டியிலே உறங்கி, இறங்கி மீண்டும் ஆடியிருக்கிறார்கள்.

அந்தப் பருவகாலம் முழுவதிலும் அவர்கள் ஆடியவை பன்னிரண்டு ஆட்டம். பன்னிரண்டிலும் வென்றார்கள். பெற்ற புள்ளி 322. கொடுத்த புள்ளி 10. அந்தப் பத்தும் ஒரே ஆட்டத்திலே போனவை. நவம்பர் 30ஆந் தேதி மொன்கொமரி நகரிலே ஓபேண் கல்லூரியோடு ஆடியபோது கணக்கு 11க்கு 10. ஓர் உதையின் வித்தியாசம்! ஓபேண் அணியின் பயிற்றுநர் ஜோன் ஹைஸ்மன்; அவர் பெயரால் இன்றும் ஆண்டுதோறும் ஒரு பெரும் விருது வழங்கப்படுகிறது. அன்றைய நடுவர் தீர்ப்பை ஏற்காது அவர் பின்னர் பத்திரிகையிலே வாதாடினார். இரண்டு நாள் கழித்து அற்லாந்தா நகரிலே வடகரோலினாப் பல்கலைக்கழகத்தை 5க்குப் பூச்சியம் என்று வென்றதோடு பருவகாலம் நிறைவெய்தியது.

நேயர்களே, இக்கதையைக் கேட்பவர்கள் பெரும்பாலும் ஆட்டக்காரரின் வீரத்தை வியப்பார்கள். வியக்கத்தக்கதே. ஆனால் என் கண்ணுக்கு முதலிலே தெரிவது அந்தத் தண்ணீர்ப் பீப்பா. பிள்ளைகள் எங்கே படுப்பார்கள், எதைக் குடிப்பார்கள், எந்த வண்டியில் ஏறி எந்த நேரத்தில் இறங்குவார்கள் என்று ஒருவர் இருந்து எண்ணியிருக்கிறார். சப்பாத்து வராவிட்டால் தந்தி அடிக்க ஒருவர் இருந்திருக்கிறார். சிறிய கல்லூரி பெரிய கல்லூரிகளை வென்றது மந்திரத்தினால் அன்று. ஆடுகளத்திலே பதினொருவர் வென்றார்கள். ஆடுகளத்துக்குப் போகும் வழியிலே இன்னொருவர் முன்னரே வென்று வைத்திருந்தார்.

அந்த லூக் லீ பின்னாளிலே பத்திரிகை நிறுவினார். 1911ஆம் ஆண்டு அமெரிக்க மூதவை உறுப்பினரானார். முதலாம் உலகப் போர் முடிந்த கையோடு ஒல்லாந்திலே தஞ்சம் புகுந்திருந்த ஜேர்மன் சக்கரவர்த்தியைப் பிடித்துவரப் புறப்பட்டுக் கைகூடாமல் திரும்பினார். இறுதியில் வங்கி விவகாரம் ஒன்றிலே குற்றவாளியாகிச் சிறையும் சென்றார். முழு வாழ்க்கையையும் பின்பற்றச் சொல்லவில்லை. அந்த இருபதாம் வயதின் நேரசூசியைப் பின்பற்றச் சொல்லுகிறேன்.

அவர்கள் செய்ததனைத்தையும் அப்படியே செய்யவும் கூடாது. ஆறு நாளில் ஐந்து முறை மோதுவது இளம் உடம்பு தாங்கத்தக்கதன்று. உடைந்த தலையோடு ஆடுவதை இன்று எந்த மருத்துவரும் அனுமதியார். அந்த ஆட்டத்தின் கடுமையினால் மாணவர்கள் இறக்கவும் நேர்ந்தது. 1905ஆம் ஆண்டு அமெரிக்க சனாதிபதி றூஸ்வெல்ற் கல்லூரிப் பிரதிநிதிகளை அழைத்து, ஆட்டத்தைத் திருத்துங்கள் என்று சொல்லவேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டே விதிகள் மாறின. பந்தை முன்னோக்கி எறியும் வழக்கமும் அப்போதுதான் வந்தது. வீரம் என்று நாம் கைதட்டுவதை, ஆடுகிறவனின் தாய் எப்படிப் பார்ப்பாள் என்றும் எண்ணிப் பார்க்கவேண்டும்.

இனி வன்னிக்குத் திரும்புவோம்.

முல்லைத்தீவு மாவட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 2,600 சதுர கிலோமீற்றர். 2012ஆம் ஆண்டுக் குடிசனக் கணக்கின்படி அங்கே வாழ்ந்தோர் ஏறத்தாழ 92,000 பேர். கொழும்பு மாவட்டத்தின் பரப்பு 700 சதுர கிலோமீற்றரளவே. அங்கே 23 இலட்சம் பேர். இந்த இரண்டு கணக்கையும் பக்கத்திலே பக்கத்திலே வைத்துப் பார்த்தால் ஒன்று விளங்கும். கொழும்பிலே ஒரு பாடசாலை அணி நல்ல எதிரணியைத் தேடி அடுத்த வீதிக்குப் போனாற் போதும். வன்னியிலே காட்டைக் கடக்கவேண்டும். கோட்டமட்டம், வலயமட்டம், மாகாணமட்டம், தேசியமட்டம் என்று ஒரு பிள்ளை ஏறும் ஒவ்வொரு படியும் தூரத்தினாலும் அளக்கப்படுகிறது. வெல்ல வெல்லத் தூரம் கூடுகிறது. தூரம் கூடக் கூடச் செலவும் கூடுகிறது. வென்ற செய்தி வந்தவுடன், மகிழ்வதா, வாகனச் செலவுக்கு யாரிடம் போவதா என்று கலங்கிய ஆசிரியர்கள் நம்மிடையே உண்டு.

சுவானிக்குப் புகையிரதம் இருந்தது. நமக்கும் இருந்தது. 1956ஆம் ஆண்டிலே யாழ்தேவி ஓடத் தொடங்கியது. மாங்குளத்திலும் கிளிநொச்சியிலும் ஏறியவர்கள் கொழும்புக் கோட்டையிலே இறங்கினார்கள். 1990ஆம் ஆண்டு யுத்தத்தினால் வவுனியாவுக்கு வடக்கே வண்டி நின்றுபோயிற்று. தண்டவாளங்களும் சிலிப்பர்க் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குப் போயின. பின்னர் 2011ஆம் ஆண்டு ஓமந்தைக்கும், 2013ஆம் ஆண்டு செப்ரெம்பரிலே கிளிநொச்சிக்கும், 2014ஆம் ஆண்டு மார்ச்சிலே பளைக்கும், அதே ஆண்டு ஒக்ரோபரிலே யாழ்ப்பாணத்துக்கும் வண்டி திரும்பி வந்தது. கிளிநொச்சி இருபத்து மூன்று ஆண்டு புகையிரதமின்றி இருந்தது. அது ஒரு பிள்ளை பிறந்து, பள்ளிப் படிப்பு முழுவதையும் முடித்து, உழைக்கப் போகும் காலம். அக்காலத்திலே வன்னியில் ஆடத் தெரிந்த பிள்ளைகள் இல்லாமற் போனார்களா? இருந்தார்கள். தம்மை யாரோடும் ஒப்பிட்டுப் பார்க்க வழியின்றி இருந்தார்கள். இடம்பெயர்ந்து மரத்தடியிலே படித்த காலத்திலும், பின்னர் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமிலே கூடாரங்களில் வாழ்ந்த காலத்திலும், பந்து கிடைத்த இடத்திலே பிள்ளைகள் ஆடியே இருக்கிறார்கள்.

இன்று வண்டி ஓடுகிறது; வீதி திறந்திருக்கிறது. வவுனியாவிலே ஒரு பல்கலைக்கழகம் 2021ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் முதலாந் தேதி தனிப் பல்கலைக்கழகமாய் எழுந்தது. கிளிநொச்சி அறிவியல் நகரிலே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் பொறியியற் பீடமும் இருக்கின்றன. சிறிய கல்லூரிகள் என்று நாம் இனி வெட்கப்பட வேண்டியதில்லை. ஒழுங்கு செய்யத் தெரிந்த சிறிய கல்லூரிகளாக வேண்டும்.

அதற்குச் செய்யத்தக்கவை சில. ஒவ்வொரு அணியிலும் ஆட்டக்காரர் பதினைந்து பேரோடு பதினாறாவதாக ஒரு மாணவனை, அல்லது மாணவியை, முகாமையாளராக வையுங்கள். ஆடத் தெரியாவிட்டாலும் எண்ணத் தெரிந்த பிள்ளையாக இருக்கட்டும். வண்டி நேரம், உணவு, தண்ணீர், மருந்து, சப்பாத்து எல்லாம் அப்பிள்ளையின் கொப்பியிலே இருக்கட்டும். முடிந்தவரை ஆட்டத்துக்கு முதல்நாளே போய்ச் சேருங்கள். வரும் அணிக்கு ஓர் இரவு படுக்க இடம் கொடுப்பது போட்டி நடத்தும் ஊரின் கடமை. விருந்தோம்பலைப் பற்றித் தமிழர் பேசிய பேச்சுக் கொஞ்சமா? ஒரு முறை நாங்கள் உங்கள் ஊருக்கு வந்தால், மறுமுறை நீங்கள் எங்கள் ஊருக்கு வாருங்கள். பெரிய பாடசாலைகள் முள்ளியவளைக்கும் புதுக்குடியிருப்புக்கும் வந்து ஆடினாற் பெருமை குறைந்துவிடாது. தூரம் என்றால் என்னவென்று தெரியவரும்.

வெளிநாடுகளிலே வாழும் பழைய மாணவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். கேடயமும் வெற்றிக் கிண்ணமும் வாங்க நீங்கள் பணம் அனுப்புகிறீர்கள், நன்றி. அதிற் பாதியை வாகனத்துக்கும் இராத்தங்கலுக்கும் கொடுங்கள். கிண்ணத்தை வென்றவன் ஒருவன்தான் தூக்குவான். வாகனத்திலே எல்லாரும் போவார்கள்.

சுவானியின் கதை பின்னர் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். 1932ஆம் ஆண்டு தென்கிழக்குப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு உருவானபோது அதன் தொடக்க உறுப்பினரில் சுவானியும் ஒன்று. அதற்குள் மற்றவை மிகப் பெரியனவாய் வளர்ந்துவிட்டன. அக்கூட்டமைப்பிலே சுவானி ஆடியவை 37 ஆட்டம், முப்பத்தேழிலும் தோல்வி. 1940ஆம் ஆண்டு அது விலகிக்கொண்டது. அதன்பின் விளையாட்டுக்காகப் பணங் கொடுத்து மாணவரைச் சேர்க்காமல், படிக்க வந்தவர்களே ஆடும் அணியாகத் தன் அளவிலே ஆடிவருகிறது. பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு வென்றதும் அதே கல்லூரி. முப்பத்தேழுக்கு முப்பத்தேழு தோற்றதும் அதே கல்லூரி. வெற்றியினால் அது பெரிய கல்லூரி ஆகிவிடவில்லை. தோல்வியினாற் கதவைச் சாத்திவிடவும் இல்லை. இன்றும் அந்த மலைமேலே பிள்ளைகள் படிக்கிறார்கள், மாலையிலே ஆடுகிறார்கள்.

ஆகவே, நேயர்களே, அடுத்த முறை பத்திரிகையிலே வன்னிப் பாடசாலை ஒன்று இத்தனை கோலினால் தோற்றது என்று வாசிக்கும்போது, ஒரு கேள்வியைக் கேளுங்கள். அந்தப் பிள்ளைகள் எத்தனை மணிக்குப் புறப்பட்டார்கள்? விடை தெரிந்தபின், தோல்வி யாருடையது என்று தீர்மானியுங்கள்.